பெரிய இரவுக்கு வராதே

பிப்ரவரி 3
பெட்டியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய பெரிய இரவு விருந்து, தைனானில் அம்மா வீட்டில். வான்-ரூவைக் கூட்டிக்கொண்டு போவதா, தனியாகப் போவதா? எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்து மூன்று வருஷம். சட்டம் ஒப்புக்கொண்டாயிற்று, அம்மாதான் பாக்கி. மூன்று வருஷமும் கல்யாணமாகாதவள் மாதிரி நான் மட்டும் போய்ச் சாப்பிட்டேன். அவள் இங்கே தைபேயில் தனியாக நூடுல்ஸ் தின்றாள்.

பிப்ரவரி 5
வந்தால் இரண்டு பேரும்தான் வருவோம் என்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன்.

"நீ செத்தா கும்பிடறதுக்கு உன் பேர்ப்பலகையை எங்கடி வைப்பாங்க? கல்யாணமாகாதவளுக்கு நம்ம வீட்டு முன்னோர் வரிசையில இடமில்ல, தெரியும்ல?"

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மா."

வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 7
அம்மாவே கூப்பிட்டாள். "பெரிய ராத்திரிக்கு நீ வராதே." ஏன் என்றேன். "வராதேன்னா வராதே. அடுப்புல வேலை கெடக்கு."

சரி, வரல. யாருக்கு வேணும் உன் சோறு? முப்பத்தெட்டு வயசுல எதுக்கு இப்படி அழுவறேன் —

பிப்ரவரி 9
இன்று பெரிய இரவு. வான்-ரூ மீனை ஆவியில் வேகவைத்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை. அங்கே என் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டிருப்பார்களோ?

பிப்ரவரி 10
அண்ணன் போன். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடுங்க, ரெண்டு பேரும். அம்மா கோழி வாங்கியாச்சு."

"வராதேன்னு சொன்னதே அவதானே?"

"நேத்திக்குத்தான் வராதேன்னா. கூறுகெட்டவளே, நாளைக்கு ரெண்டாம் நாள்."

இரண்டாம் நாள். கட்டிக்கொடுத்த பெண்கள் துணையோடு பிறந்த வீட்டுக்கு வரும் நாள். அவர்கள் பெரிய இரவில் அங்கே சாப்பிட்டால் கூடப்பிறந்தவனுக்கு ஆகாது என்பார்கள். எனக்குத் தெரியாத வழக்கமா? அது என்னையும் சேர்க்கும் என்று தோன்றவே இல்லை. வான்-ரூ இதுவரை நாலு சட்டை மாற்றிவிட்டாள்.

பிப்ரவரி 11
வாசலில் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பழக்கூடையை வாங்கிக்கொண்டு வான்-ரூவிடம், "இப்படி ஒல்லியா இருக்கியேம்மா, இவ சோறு போடறதில்லையா?" என்றாள். மருமகனுக்கு வைக்கிற கோழிக்கால் வான்-ரூ தட்டில் விழுந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

கிளம்பும்போது, "அடுத்த வருஷம் பெரிய ராத்திரிச் சமையலுக்கு ஒத்தாசையா நான் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இனிமே உன் வீட்டுல வெச்சுக்கோ" என்றாள், பாத்திரம் கழுவிக்கொண்டே.

ரயிலில் வான்-ரூ நிம்மதியாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. கல்யாணமானவள் என்ற இடத்தைக் கேட்டேன், கொடுத்துவிட்டாள். பெரிய இரவில் போக எனக்கு இனி அம்மா வீடு இல்லை.