மாமா சொன்ன பச்சை

லகோவா செக்கா,
ஏப்ரல் 9

என் கண்மணி ஜசீராவுக்கு,

கரிரிச் சீமையின் முதல் விவசாயியான உன் மாமா ஜெனிவால் எழுதுவது. உன் வறட்சி ஆபீஸ் செயற்கைக்கோள் இங்கே பச்சை காட்டுகிறதாம். அது சோளமா முட்காடா என்று கேட்டிருக்கிறாய். ஊர்ப் பார்வையாளன் நான் சொன்னால்தான் வறட்சி வரைபடம் முடிவாகும் என்றதும் என் சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டது!

போன மாதம் சூசையப்பர் திருநாளன்று மழை பெய்தது அம்மா. அன்று பெய்தால் அந்த வருஷம் விளைந்தே தீரும். இதற்குக் கோள் எதற்கு? என் சோளத்துக்குள் குதிரையோடு ஆள் நுழைந்தால் தொப்பிகூடத் தெரியாது. "நாலு தூத்தலப் போயி மழங்கிறியே, மனுசா!" என்று உன் அத்தை சூலெய்டி அடுப்படியிலிருந்து கத்துகிறாள். நீ பச்சை என்றே போடு.

உன் மாமா

ரெசிஃபி,
ஏப்ரல் 20

அன்புள்ள மாமா,

ஒரு தூறலுக்கே முட்காடு தழைத்துவிடும். மேலேயிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான். அதனால்தான் கேட்டேன். உங்கள் சொல்லை நம்பி 'வறட்சி இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி அரசாங்கத் தண்ணீர் லாரி உங்கள் பக்கம் வராது. மாற்றம் இருந்தால் உடனே எழுதுங்கள். அத்தைக்கு முத்தங்கள்.

ஜசீரா

லகோவா செக்கா,
ஜூன் 3

கண்மணிக்கு,

சந்தையில் பொறாமைக்காரர்கள், "என்ன ஜெனிவாலு, ஒன் மருமவ கோளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்கிறார்கள். "ஒங்க வயலப் பாத்தாதான் அவியும்!" என்றேன். சோளம் சற்றே குள்ளம், ஆனால் ஜாதிக் குள்ளம். ஆடுகள் மெலிந்து மான் மாதிரி அழகாகிவிட்டன. அத்தை தண்ணீருக்காகக் கொஞ்சம் நடக்கிறாள், உடம்புக்கு நல்லது. எதையும் மாற்றாதே.

உன் மாமா

ரெசிஃபி,
ஜூலை 12

மாமா,

அத்தை இங்கே வந்துவிட்டார். குடம் தூக்கித் தூக்கித் தோள் புண்ணாகியிருக்கிறது. உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து ஆடுகள் செத்ததைச் சொன்னார். திரும்பிப் போகிறீர்களா என்று கேட்டேன். "அந்தாளு வாயில வெளஞ்ச சோளத்த இன்னும் எத்தன நாளைக்குடி திங்கிறது?" என்றார்.

வரைபடத்தைச் சிவப்பாக மாற்றிவிட்டேன். லாரி வரும். பார்வையாளர் வேலைக்கு வேறு ஆள் பார்த்திருக்கிறோம். எனக்கும் எழுத வேண்டாம்.

ஜசீரா

லகோவா செக்கா,
ஜூலை 30

ஜசீராவுக்கு,

எழுதாதே என்றாய். இது உனக்கில்லை, உன் அத்தைக்கு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, வாசித்துக் காட்டு.

சூலெய்டி, சோளம் முழங்கால் உயரத்தில் கருகிவிட்டது. ஒரு கதிர்கூடப் பிடிக்கவில்லை. பட்டியில் ஆடு இல்லை. மே மாதமே எனக்குத் தெரியும். நேற்று லாரி வந்தது. "எத்தன பேருய்யா வீட்ல?" என்று டிரைவர் கேட்டான். ரெண்டு என்றேன். தொட்டி விளிம்புவரை நிறைத்துவிட்டுப் போனான்.

நான் இன்னும் அதில் ஒரு குவளைகூட மொள்ளவில்லை.

ஜெனிவால்