மஞ்சள் தண்ணீர் ஊற்றிய கார்

ஜனவரி 10, சனி

காலை 6.40. மைனஸ் 24. காற்றையும் சேர்த்தால் 33 என்கிறது போன். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் ஊசி.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக். அவ்வளவுதான். பேச்சு விழுந்தது எனக்கு. நேற்று நான் ஓட்டிப் பழகியபோது ஹீற்றரையும் லைற்றையும் போட்டு பற்றறியைச் சாகடித்துவிட்டேனாம். பழகியது பதினைந்து நிமிடம். அதில் பத்து நிமிடம் மாமா கத்தியது.

மாமா வெளியே நின்று அம்மாவுக்குச் சொல்கிறார், நான் பக்கத்தில் இல்லாத மாதிரி: "இவளுக்கு வாயைத் திறந்து ஒரு சொல் கதைக்கத் தெரியாது. இதுக்கு லைசன்ஸ் ஒரு கேடு."

அம்மா: "விடுங்கோ அண்ணை. குளிருக்குள்ள நிண்டு கதைக்காதேங்கோ."

மாமா அம்மாவின் அண்ணன். வில்லரேப் பகுதியில் அவர் வீட்டில் பின்னறை எங்களுக்கு. மூன்று வருடம். அம்மாவுக்கும் எனக்கும் அவருடைய கட்டில், அவருடைய ஹீற்றர், அவருடைய கார்.

கடைசியில் பின் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில் இருக்கும் கிழவர் தன் காரைக் கொண்டுவந்து வயர் பூட்டி எழுப்பிவிட்டார். மாமா அவருக்குப் பிரெஞ்சில் நாலு தரம் மெர்சி, நன்றி. எனக்கு ஒரு முறைப்பு.

மறக்காமல் எழுதி வைக்கிறேன்:
- ஓட்டுநர் பரீட்சை 15, வியாழன், 9.20.
- கார் நாமே கொண்டுபோக வேண்டும். ஓட்டப் பழக்கிய பள்ளியின் கார் மாசி வரை இல்லை.
- லைசன்ஸ் கிடைக்கும்வரை மாமா பக்கத்தில் இருந்தால்தான் ஓட்டலாம்.
- செயின்ட்-மிஷேல் மருந்துக்கடை வெள்ளிவரை காத்திருக்கும். பிறகு வேறு ஆள்.

மருந்துக்கடை வேலை: அவர்களின் காரில் மருந்துப் பை கொண்டுபோவது. மணி அடி, பையைக் கொடு, மெர்சி, அடுத்த வீடு. பேச்சே இல்லை. மிச்ச நேரம் முழுக்கக் காருக்குள் தனியே. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஜனவரி 11, ஞாயிறு

மைனஸ் 26. வெயில் வேறு. ஏமாற்று வெயில்.

வீடியோ பார்த்துப் படித்தேன். பற்றறியைக் கழற்றி இரவு வீட்டுக்குள் வைத்தால் காலையில் பிடிக்கும். பத்தாம் நம்பர் ஸ்பானர். கழற்றும்போது முதலில் கறுப்பு வயர், பூட்டும்போது கடைசியில் கறுப்பு. கையுறையோடு நட்டு பிடிபடாது. கையுறை இல்லாமல் பிடித்தால் இரும்பு தோலைப் பிடித்துக்கொள்கிறது. வலது பெருவிரலில் கொஞ்சம் போய்விட்டது.

மாமாவுக்கு நாரிப்பிடிப்பு, குனிந்து எழும்ப இடுப்பு விடாது. நான்தான் தூக்கினேன். வீடு மேல்மாடியில், வெளிப்படி முழுக்க ஐஸ். பத்துக் கிலோ அரிசிப் பையைவிடப் பாரம். ஒவ்வொரு படியிலும் அவரைத் திட்டினேன், மனதுக்குள். பதினேழு படி. பதினேழு விதமாக.

ஹீற்றருக்குக் கிட்ட இடம் சாமித்தட்டுக்குக் கீழே மட்டும். மாமா பற்றறிக்குத் திருநீறு பூசி குங்குமப் பொட்டும் வைத்தார்.

அம்மா: "சாமிக்குப் பக்கத்தில அசிட்டையே வைக்கிறியள்?"

மாமா: "சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைக்கேல்லையே? அப்பிடித்தான். இதுகும் ஒரு ஆயுதம்."

அம்மா சிரித்துவிட்டார். எனக்கும் வந்தது. அடக்கினேன். அவருக்கு அதைக் கொடுக்க மாட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

மைனஸ் 22. 5.50க்குப் பற்றறியைக் கீழே கொண்டுபோய்ப் பூட்டினேன். ஒரே திருப்பில் பிடித்தது!!

மாமா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, "பிள்ளையார் கைவிடேல்லை" என்றார். கர்க்லாண்டில் கிடங்கு வேலை. போய்விட்டார். என் பெருவிரலில் பிளாஸ்ரர். பிள்ளையாருக்கு ஒன்றுமில்லை.

பின்னேரம் பயிற்சி. பனிக்குவியல் இரண்டுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னார். மூன்றாம் தரம் சரியாக வந்தது. "தற்செயல்" என்றார்.

மருந்துக்கடையிலிருந்து போன். எடுக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஓய்ந்தது. பிறகு செய்தி அனுப்பினேன்: வியாழன் பரீட்சை, அன்றைக்கே பாஸ் கடிதம் கொண்டு வருவேன். கடைப் பெண் பெருவிரலை உயர்த்திய ஒரு படம் அனுப்பினாள். இது போதும். எல்லோரும் இப்படி இருந்தால் நான் பள்ளியில் இருந்திருப்பேன். அங்கே வகுப்புக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் எட்டு நிமிடம் பேச வேண்டும். எட்டு நிமிடமும் நின்றேன். ஒரு சொல் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து போகவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

மைனஸ் 19. இளகிய மாதிரி. நாளை திரும்ப இறங்குமாம்.

அம்மாவோடு பொங்கல் சாமான். நல்ல கரும்பு இல்லை, இருந்ததும் விறகு மாதிரி. பின்னேரம் பற்றறி மேலே. நாளையும் மறுநாளும் மாமாவுக்கு லீவு, நாளை கார் எடுப்பதில்லை. அதனால் வியாழன் காலைவரை அது சாமித்தட்டின் கீழேயே.

ஜனவரி 14, புதன். பொங்கல்

மைனஸ் 27.

பால் பொங்கியது அடுப்பில். கிழக்குப் பக்கமாக வழிந்தது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். பொங்கல் புக்கை நல்லாயிருந்தது. முந்திரிகை வற்றல்தான் கூடிவிட்டது, வாய் முழுக்கத் திராட்சை.

பிறகு மாமாவுக்கு யோசனை. நாளைக்குப் பரீட்சை, காருக்கும் பூசை செய்ய வேண்டும். ஊரில் வாகனம் கழுவித்தானே பூசை. இந்தக் குளிரில் கழுவ முடியாதாம், அதனால் மஞ்சள் தண்ணீர். சருவச் சட்டியில் இளஞ்சூடாக. "சூடாக் கிடந்தால் உறையாது" என்று தானே சொல்லிக்கொண்டார்.

எனக்குத் தெரியும். அவர் சட்டியைத் தூக்கியபோதே தெரியும். கதவு இடுக்குக்குள் தண்ணீர் போகும், ரப்பரோடு ஒட்டிப் பிடிக்கும், நாளைக்குத் திறக்காது. வாய்வரை வந்தது. மாமா, வேண்டாம். இரண்டே சொல். கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். சொல்லவில்லை.

கூரையிலிருந்து ஊற்றினார். பொனெற், நாலு கதவு. டிக்கிக்குப் போவதற்குள் தண்ணீர் முடிந்துவிட்டது. வழிந்த இடமெல்லாம் ஆவி. பிறகு ஆவி நின்றது. கற்பூரம் காற்றுக்கு ஒரு தரமும் பற்றவில்லை.

அவர் முட்டாள் என்று எழுத வந்தேன். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்படியானால் நான் யார்?

ஜனவரி 15, வியாழன்

இரவு 7 மணி. இப்போதுதான் இருந்து எழுத நேரம்.

காலை 6.10. மைனஸ் 29. கார் மஞ்சள் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி. கைபிடியில் மஞ்சள் ஐஸ் தொங்குகிறது. நாலு கதவும் அசையவில்லை. மாமா காலை ஊன்றி இழுத்தார். பொனெற்றும் உள்ளேயிருந்துதான் திறக்கும். பற்றறி என் கையில். வைக்க இடமில்லை.

மாமா மேலே போனார். கேத்திலோடு வந்தார். கொதித்த தண்ணீர்.

"ஊத்தாதேங்கோ!"

நான்தான். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். கிழவர் வீட்டு யன்னல் சீலை அசைந்தது.

"என்ன சொன்னனீ?"

"ஊத்தாதேங்கோ மாமா. நேற்று ஊத்தினதுதான் இது."

"அப்ப நேற்றே சொல்லியிருக்கலாம்தானே? வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையே?"

சரியாகத்தான் கேட்டார். அதனால் இன்னும் கோபம்.

டிக்கி திறந்தது. அதற்குள்ளால் ஊர்ந்து, சீற்றுகளுக்கு மேலால் முன்னுக்குப் போய்ப் பொனெற்றை இழுத்துவிட்டேன். மாமா வெளியிலிருந்து குத்திக் குத்தித் திறந்தார். திரும்ப ஊர்ந்து வெளியே. பற்றறி பூட்டினேன். திரும்ப ஊர்ந்து உள்ளே. முதல் திருப்பு: முனகல். இரண்டாவது: நீண்ட முனகல். மூன்றாவது பிடித்தது. அழுகை வந்தது, கண்ணீர் கன்னத்திலேயே இறுகியது.

அம்மா பல்கனியிலிருந்து நீள வயரை இறக்கினார், நுனியில் தலை காயவைக்கும் மெஷின். என் பக்கக் கதவு நாற்பது நிமிடத்தில் இளகியது. மற்றப் பக்கம் இளகவில்லை. அதற்குள் எட்டரை, நேரம் இல்லை. மாமா என் பக்கத்தால் ஏறி, கியருக்கு மேலால் தன் பெரிய ஜாக்கெற்றோடு உருண்டு போய் விழுந்தார். நல்லாக ஓட்டினேன்.

9.15. பரீட்சை நிலைய வாசலில் மாமா வந்த மாதிரியே உருண்டு இறங்கினார். பரீட்சை எடுக்கும் பெண் வந்து மற்றப் பக்கக் கதவை இழுத்தாள். இரண்டு தரம். யன்னல் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாள். கதவு திறக்காவிட்டால் பரீட்சை இல்லை என்றாள், பிரெஞ்சில், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல. இரண்டு நிமிடம் தந்தாள்.

நான் பிரெஞ்சில் சொன்னேன்: "தள்ளி நில்லுங்கள்."

சீற்றில் மல்லாந்து கிடந்து இரண்டு காலாலும் உதைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் சீலை கிழிகிற சத்தம், கதவு பறந்து திறந்தது. ரப்பர் ஒரு முழம் தொங்கியது.

வெளியே மாமா: "ஐயோ, என்ர கார்!"

அந்தப் பெண் ஏறி இருந்தாள். பெல்ற் போட்டாள். "போகலாம்" என்றாள்.

பாஸ்.

கடிதத்தை மாமாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. ரப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "மாடு மாதிரி உதைச்சனியே? இனி இந்தக் காரில நீ கை வைக்கக்கூடாது. பற்றறியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். விளங்குதோ?"

"ஓம்."

மெற்றோ வரை நடந்தேன். மருந்துக்கடைப் பெண்ணிடம் கடிதத்தைக் காட்டினேன். திங்கள் எட்டு மணி. சாவி எங்கே தொங்கும் என்று காட்டினாள்.

ஜனவரி 16, வெள்ளி

மைனஸ் 31. யன்னலின் உட்பக்கமும் ஐஸ்.

6.05. டிக் டிக் டிக். இரவு முழுக்கப் பற்றறி காருக்குள். நான் கை வைக்கவில்லை. அவரும் தூக்கவில்லை, நாரிப்பிடிப்பு. கிழவரின் கார் இன்றைக்கு இல்லை.

6.15. கீழேயிருந்து மாமா: "எடி பிள்ளை! ஒருக்கா வந்து பார்!"

6.20. அம்மா அறைவாசலில் வந்து நின்றார். போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். "கால் விறைக்கும், மேசு போடு" என்றார். தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போய்விட்டார்.

இரண்டு காலுக்கும் மேசு போட்டேன். கட்டிலில்தான் இருக்கிறேன்.

6.26. இப்போது மாமா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், முழுப் பெயரையும். இந்த வீட்டில் அதைச் சொல்லி அவர் கூப்பிட்டது இதுதான் முதல் தரம். இன்னொரு தரம் கூப்பிடட்டும்.