நட்டு நம் வீட்டிலேயே இருக்கட்டும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி சூடாகும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன், முடித்ததும் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நாய் வந்த கதையை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பார்க்கப் பொறுக்காமல் நான்தான் ஒரு குட்டி வாங்கலாம் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். டெரியர் ஜாதி, மடியில் அடங்கும், சின்ன நாய்க்குச் சின்ன வேலை என்று நினைத்தேன், என் புத்தியை என்ன சொல்ல. நாய் வளர்க்கும் அம்மாள் வீட்டில் ஐந்து குட்டிகள் இருந்தன. நான் நெற்றியில் வெள்ளை உள்ளதைக் காட்டினேன், உன் அப்பா நிறத்தையா பார்த்தார், பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் தரையில் டங்கென்று போட்டார். அந்த அம்மாள் பதறிப்போனாள். நாலு குட்டி தாயிடம் ஓடிவிட்டன, ஒன்று மட்டும் துள்ளி விலகி, கொஞ்ச நேரம் யோசித்து, திரும்பி வந்து ஸ்பேனரை முகர்ந்தது. பயப்படலாம், ஆனா திரும்பி வரணும், இதுதான் நமக்கு என்று சொல்லித் தூக்கிக்கொண்டார். நட்டு என்று பெயரும் வைத்தாயிற்று, நட்டு கழன்றது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குள் ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாம் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறாள், வருகிற ஞாயிறோடு அந்த மாதம் முடிகிறது.

நான் படும் பாட்டைக் கேள். காலை நடைக்கு அப்பா, மாலை நடைக்கு நான், இருட்டுகிற நேரத்தில் அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. மழையென்று ஒருநாள் விட்டால் தோட்டத்தைத் தோண்டிப் போடுகிறது, என் செருப்பில் ஒன்றை இன்னும் காணோம். தோண்டுவது அதன் பிறவிக் குணம், அடிக்காதீர்கள், வேலிக்கு அடியில் கல் வைத்து அடையுங்கள் என்கிறார் நாய் டாக்டர். எட்டு மணி நேரம் நின்று துணி தேய்த்துவிட்டு வந்து குனிந்து சேற்றுக் காலடியைத் துடைக்க என்னால் முடியவில்லை கண்ணா. திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து கூடையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

அதன் முடி கம்பி மாதிரி இருக்கும், கத்தரிக்கக் கூடாதாம், வாரம் ஒருமுறை சீவி, செத்த முடியை விரலால் பிடுங்கி எடுக்க வேண்டுமாம். அது அப்பாவின் வேலை, ஞாயிறு காலை பத்து மணிக்குப் பின்னறை மேஜையில் துண்டு விரித்து ஒரு மணி நேரம் செய்கிறார். போன ஞாயிறு துணி கிளிப் எடுக்கப் போனபோது அவர் பேசுவது கேட்டது. வேலைய விட்டதுக்காடா எனக்குக் கோபம், நான் வாங்கிக் குடுத்த வேலைய விட்டுட்டு வெளிநாடு கிளம்புறேன்னு அவன் எங்கிட்ட சொல்லவே இல்லையே, எங்க கம்பெனி சூப்பர்வைசர் சொல்லித்தானே எனக்குத் தெரிஞ்சுது, ரெண்டு வருஷமா போனைக் கையில எடுத்து எடுத்து வைக்கிறேன், எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலடா என்று நாயிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. எனக்கு அந்த நாய்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் கூடையைப் பரணில் போட்டுவிட்டேன்.

அப்பா சாப்பிட்டாரா என்று நீ என்னிடம் கேட்கிறாய், குளிருக்கு உடுப்பு வாங்கினானா கேள் என்று அவர் என்னிடம் சொல்கிறார். நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சேதி சுமந்து அலுத்துவிட்டது, நாயைவிட இதுதான் என்னைக் களைப்பாக்குகிறது. யார்மேல் தப்பு என்று நான் இனிக் கேட்கப்போவதில்லை. இந்த ஞாயிறு இங்கே பத்து மணி ஆகும்போது போன் பண்ணு. உன் மகன்தான் என்று சொல்லி அவர் முன்னால் மேஜையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு நான் கடைக்குப் போய்விடுவேன். இரண்டு கையிலும் நாய் இருக்கும், எழுந்து போக அவரால் முடியாது. முதலில் நாயிடம்தான் பேசுவார், பொறுத்துக்கொள். அது பதில் சொல்லாது, நீ சொல்.

நீ நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உனக்கு அது விடிகிற நேரம், அலாரம் வைத்துக்கொள், தூங்கிவிடாதே.

இனித் தூது போகாத உன்
அம்மா