மச்சாள், நீ சொல்லாமல் விட்டவை

என் மலர் மச்சாளுக்கு,

துறையில் பாலம் வந்துவிட்டது. போன கிழமை பஸ்ஸில் இருந்தபடியே வாவியைக் கடந்து உன் ஊருக்குப் போனேன். யாரும் இறங்கச் சொல்லவில்லை. யாரும் பையைக் கிளறவில்லை. அண்ணன் வாசலில் நின்று, "வா தங்கச்சி" என்றார். உன்னைப் பற்றி அவர் இன்னும் வாய் திறப்பதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிக்கட்டும்.

அண்ணனைக் கட்டிப் படுவான்கரைக்குப் போன நீ, அங்கேயே மருந்தகத்தில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதாக வேலை பார்த்தாய். நான் எழுவான்கரையில், பட்டின ஆஸ்பத்திரியில் தாதி. நடுவில் வாவி. அது சண்டைக் காலம்; உன் கரை இயக்கத்தின் கையில், என் கரை ஆமியின் கையில். கடுமையான நோயாளி என்றால், 'பாதை' என்று நாம் சொல்லும் அந்த மிதவையில் ஏற்றி அனுப்புவாய். கூடவே என்ன நோய், என்ன மருந்து என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம்.

அந்தத் துண்டே ஆபத்தாய்ப் போனது. துறையில் ஆமிக்காரர் வாங்கி வாசிப்பார்கள். 'காயம்' என்று ஒரு சொல் இருந்தால் போதும், இயக்கக்காரன் என்று சந்தேகப்படுவார்கள். மண்வெட்டி வெட்டிய காலோடு வந்த வயற்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவேயில்லை. அதன்பிறகு சனங்கள் துண்டைக் கிழித்து வாவியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள்.

யோகமும் அப்படித்தான் வந்தாள். பிள்ளை பெற்றுக் காய்ச்சல் கண்டவள். பென்சிலின் அவளுக்கு ஒத்துவராது என்று நீ எழுதியது தண்ணீரோடு போய்விட்டது. அவளுக்கு நினைவு தப்பியிருந்தது, கூட வந்த மாமிக்கு ஊசியின் பெயர் தெரியாது. அந்த ஊசியையே போட்டார்கள். மூச்சு முட்டி, எங்கள் வார்ட்டிலேயே செத்தாள்.

செய்தி கேட்டு வந்த நீ அழவில்லை. "இனித் துண்டு அனுப்பமாட்டன் மச்சாள். நானே வாறன்" என்றாய்.

வந்தாய். நோயாளியோடு பாதையில் ஏறி வந்து, டொக்டரிடமும் என்னிடமும் மெல்லிய குரலில் சொல்வாய். ஒத்துவராத மருந்து, பழைய சத்திரசிகிச்சை, வலிப்பு, இரத்தவகை. வைத்தியத்துக்கு வேண்டியது அத்தனையும் சொல்வாய்; அதற்கு மேல் ஒரு சொல் வராது. தோளில் சூட்டுக் காயத்தைச் சட்டைக்குள் மறைத்தபடி ஒரு பிள்ளை வந்தபோது, யார் சுட்டது என்று நான் கேட்டேன். "ஆர் சுட்டதெண்டு தெரிஞ்சா தையல் நல்லாப் பிடிக்குமோ? பேசாம இரு கா மச்சாள்" என்றாய்.

எத்தனையோ பேர் அப்படிப் பிழைத்து வீடு திரும்பினார்கள். ஆனால் உனக்கு எல்லாம் தெரியும் என்ற கதை இரண்டு கரையிலும் பரவிவிட்டது. பட்டினத்துக்குப் போகிற பெண்கள் யார், அங்கே யாரோடு பேசுகிறார்கள் என்று அந்தக் கரையில் இயக்கக்காரர் உன்னைக் கேட்டார்கள். இந்தக் கரையில் ஓர் ஆமி அதிகாரி வார்ட்டுக்கே வந்தார். மொழிபெயர்க்க வந்தவன், "காயக்காரர்ர பேரைச் சொன்னா உனக்கு ஒரு கரைச்சலும் வராது" என்றான்.

நீ சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாய். "அவங்க எனக்குச் சொன்னது வைத்தியத்துக்கு. உங்களுக்குச் சொல்லச் சொல்லி ஒருத்தரும் என்னட்டச் சொல்லல்ல."

அவர்கள் போகும்வரை போத்தலை நீ இறக்கவில்லை.

"இனி வராத மச்சாள்" என்று கெஞ்சினேன். "நான் வராட்டி இன்னொரு யோகம் வருவாள்" என்றாய்.

அடுத்த முறை ஒரு கர்ப்பிணியை ஒப்படைத்துவிட்டுப் பின்னேரம் புறப்பட்டாய். பாதையில் நீ ஏறியதைக் கண்டுதான் திரும்பினேன். வீட்டுக்கு நீ போய்ச் சேரவில்லை. வட்டைக்குள், வயல் வரம்போரம் அண்ணன் உன் உடலைக் கண்டெடுத்தார். இரண்டு பக்கமும் தாங்கள் இல்லை என்றார்கள். யார் மச்சாள் அது? தெரிந்த முகமா? கடைசியாக யாரைக் கூப்பிட்டாய்?

உன்னை வதைத்துப் பெயர்களைக் கேட்டிருக்கிறார்கள் என்பது உன் விரல்களைப் பார்த்ததும் விளங்கியது. சொன்னாயா என்று நான் நினைத்ததும் உண்மை. ஆனால் உன்னிடம் வைத்தியம் பார்த்த ஒருவரையும் அதன்பிறகு எவரும் தேடிப் போகவில்லை.

செத்த வீட்டுக்கு எங்கிருந்தெல்லாமோ பெண்கள் வந்தார்கள். உன் பேரைச் சொல்லித் தலையிலடித்து அழுதார்கள். நீ தங்களுக்கு என்ன செய்தாய் என்று ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் கணினி, மச்சாள். படுவான்கரையிலிருந்து ஒரு தாய் வந்து சேருமுன்பே அவளுக்கு ஒத்துவராத மருந்து எங்கள் திரையில் தெரிகிறது. முதல்முறை கண்டபோது யோகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் போன மாத ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு வெளி அலுவலகம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்து, மனநலக் கிளினிக்குக்கு வருகிறவர்களின் பெயர், விலாசம் முழுவதையும் கேட்டார். உதவி கொடுக்கத்தானாம். "நல்லதுக்குத்தானே மிஸ்ஸி, குடுத்தா என்ன?" என்றாள் எங்கள் இளம் டொக்டர்.

"அந்தச் சனத்திட்டக் கேட்டீங்களா மகள்?" என்றேன். பிறகு உன் கதையைச் சொன்னேன். வந்தவர் முகம் சுளித்தார். டொக்டர் பிள்ளை ஒவ்வொருவரிடமும் தானே கேட்பதாகச் சொன்னாள், கேட்டாள். சிலர் ஓம் என்றார்கள். பலர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களின் பெயர் போகவில்லை.

எனக்குப் பென்சன் நெருங்குகிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு யோகத்தையும் உன்னையும் சேர்த்தே சொல்லுவேன். சொல்ல வேண்டியது வந்து சேராததால் செத்தவள் அவள். சொல்லக்கூடாததைச் சொல்லமாட்டேன் என்று செத்தவள் நீ. ஒருத்தியை விட்டு மற்றவளை மட்டும் ஒருநாளும் சொல்லமாட்டேன், மச்சாள்.

உன் புருசனின் தங்கச்சி,
உன் மச்சாள்
தவமணி