வராதவளுக்கு நான் போட்ட வரவு

செப்டெம்பர் 9, செவ்வாய்

என் அண்ணன், ஸப்ரி காக்கா, கடலால் கொண்டுவந்த மீனில் பாதி ஐஸ் பற்றாமல் கெட்டுப்போயிருந்தது. நாறுகிறது என்று சொன்னேன். அவன் தன் தட்டைச் சுவரில் அடித்தான். நானும் என் தட்டை அடித்தேன். உம்மா வந்து ஆளுக்கு ஒன்று அகப்பைக் காம்பால் போட்டா.

"ஸப்ரி எண்டா மாடு, அது தெரிஞ்ச விசயம். முஸ்பிறா, நீ டொக்டருக்குப் படிக்கப்போற புள்ளயாடி? வருத்தக்காரன அடிச்சே மௌத்தாக்கிருவாய்."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். எங்கள் வீட்டுச் சத்தத்துக்குக் கல்முனைக்குடியில் இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வாப்பா வேலைக்குப் போய்க் கட்டாரில் இருப்பதால் தப்பினார்.

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி இந்தக் கிழமை வருமாம்.

செப்டெம்பர் 12, வெள்ளி

வந்துவிட்டது.

அம்பாறை மாவட்டத்திலிருந்து மருத்துவத்துக்கு இம்முறை நாற்பத்து நாலு பேர். என் மாவட்ட நிலை நாற்பத்தைந்து.

ஒரு ஆள். ஒரே ஒரு ஆள்.

போனைச் சுவரில் அடித்தேன், உடையவில்லை. கீழே போட்டு அம்மிக் குழவியால் அடித்தேன். பிடிக்க வந்த உம்மாவின் கையைக் கடித்துவிட்டேன், பல் பதிந்திருக்கிறது. ஜும்ஆ முடித்து வந்த காக்கா தொப்பியைக்கூடக் கழற்றாமல் என்னை இழுத்துப்போய் வாளித் தண்ணீருக்குள் தலையை அமுக்கினான். அதற்குப் பிறகுதான் ஒழுங்காக மூச்சு வந்தது.

"அடுத்த முற எடுப்பாய்டி" என்றான்.

என்னத்தை எடுக்கிறது? பத்து மாதம் எங்களுக்கு இரசாயனத்துக்கு ஆசிரியரே இல்லை. ஆய்வுகூடத்தில் இருந்த ஒரே தராசும் பழுது. இப்படிக் கிடக்கிற பிள்ளைகளுக்கென்றுதானே பின்தங்கிய மாவட்டம் என்று தனி வெட்டுப்புள்ளி வைத்திருக்கிறார்கள்? அதற்குள்ளேயும் நான் வெளியில்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

காக்காவின் போனில் பார்த்தேன். கொழும்பில் பேர்போன டியூசன் மாஸ்டர் ஒருவர் தன்னிடம் படித்த பிள்ளைகளின் படங்களைப் போட்டு விளம்பரம் செய்திருக்கிறார். மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை. ஜவுபர் மின்ஹா. மருத்துவம். அம்பாறை மாவட்டம், நிலை 44.

முகத்தை இன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். பெயரை மூன்று வருடமாகத் தெரியும். எங்கள் வகுப்பு வரவு இடாப்பில் பத்தொன்பதாவது பெயர்.

செப்டெம்பர் 15, திங்கள்

அவளக் கொல்ல வேணும். வேற ஆள் வெச்சில்ல, நானே.

செப்டெம்பர் 16, செவ்வாய்

எழுதிவிட்டால் மண்டை கொஞ்சம் ஆறும்.

ஜவுபர் ஹாஜியாருக்கு ஊர் இதுதான், கடைகள் கொழும்பில். மகள் படித்ததும் அங்கே, கட்டணம் கட்டுகிற பெரிய தனியார் கல்லூரியில். ஆனால் பதினோராம் வகுப்பிலிருந்து அவள் பெயர் எங்கள் அரசாங்கப் பள்ளி இடாப்பில் இருந்தது. மூன்று வருடம் இங்கே படித்ததாகக் காட்டினால்தான் அம்பாறைக் கணக்கில் போட்டி போடலாம். கொழும்புக் கணக்கில் அவளுடைய புள்ளிக்கு மருத்துவம் கிட்டவும் வராது.

மீனாம்பிகை டீச்சர்தான் மூன்று வருடமும் எங்கள் வகுப்பாசிரியர். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து ஸ்கூட்டியில் வருவா. நான் வகுப்பு மொனிட்டர். ஒரு நாள் காலை இடாப்பை என்னிடம் தந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா: "பத்தொன்பதுக்கும் வரவு போடட்டாம், அதிபர் சொல்றார். நீ போடு புள்ள. நான் சைன் வைக்கிறன்."

போட்டேன்.

போட்டதோடு விட்டேனா? எல்லா நாளும் வந்ததாக இருந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள் என்று நானே யோசித்தேன். வெள்ளம் வந்த கிழமையில் அவளுக்கு மூன்று நாள் லீவு போட்டேன். நோன்பில் ஒரு நாள் போட்டேன். ஒரு முறை காய்ச்சல் என்று ஓரத்தில் குறித்தும் வைத்தேன். டீச்சர் அதைப் பார்த்து, "நீ பெரிய ஆள்தான்" என்றா. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

சும்மாவும் செய்யவில்லை. மின்ஹாவின் உம்மா மாதம் ஒரு தடவை என் பெயருக்குப் பார்சல் அனுப்புவா. அந்தக் கொழும்பு மாஸ்டர் வகுப்பில் கொடுக்கிற பாடக்குறிப்புகள், டியூட்கள், போட்டோப் பிரதி. இரசாயனம் நான் படித்தது அதில்தான். அது இல்லாவிட்டால் நாற்பத்தைந்து எங்கே, நூற்றைம்பதுக்குள்ளும் வந்திருக்க மாட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தாள்கூடக் காட்டவில்லை.

செப்டெம்பர் 17, புதன்

காக்கா என் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டான், ஏன் சாப்பிடவில்லை என்று. சொன்னேன். மின்ஹா, இடாப்பு, எல்லாம். அவன் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது.

"வராத புள்ளைக்கி வரவு போட்டது யார்டி?"

"டீச்சர்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு சொல்.

செப்டெம்பர் 18, வியாழன்

பள்ளி விட்டு டீச்சர் கேற்றைத் தாண்டும்போது காக்கா தோணி வலிக்கிற சவளோடு நின்றிருக்கிறான். முதல் அடி ஸ்கூட்டியின் கண்ணாடிக்கு. விழுந்தவவின் கையில் அடுத்தது. பிறகு திரும்பத் திரும்ப அதே கையில். "இந்தக் கைதானே, இந்தக் கைதானே" என்று கத்தினானாம். எலும்பு வெளியே தெரிந்ததாம். பார்த்த பிள்ளை ஒன்று மயங்கி விழுந்துவிட்டது.

வலது கை.

அந்தக் கை பத்தொன்பதுக்கு ஒரு நாளும் வரவு போடவில்லை. யா அல்லாஹ், சைன் மட்டும்தான் வெச்ச.

காக்கா ஓடவில்லை. சவளை ஊன்றிக்கொண்டு பொலிஸ் வரும் வரை நின்றிருக்கிறான். உம்மா தலையில் அடித்துக்கொண்டா. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு சொன்னனே, கேட்டானா?"

செப்டெம்பர் 19, வெள்ளி

முஸ்லிம் பொடியன் தமிழ் டீச்சரை அடித்துவிட்டான் என்றுதான் ஊரெல்லாம் கதை. ஏன் அடித்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரதான வீதியில் நம்முடைய ஆள் ஒருவரின் ஆட்டோவைப் பாண்டிருப்புப் பொடியன்கள் குப்புறப் புரட்டினார்கள். உள்ளே இருந்த மனிதருக்கு நெற்றி பிளந்தது. பதிலுக்கு நம்முடையவர்கள் பாண்டிருப்புக்காரர் ஒருவரின் மரக்கறிக் கடையை அடித்து நொறுக்கினார்கள். வீதி முழுக்கத் தக்காளி மிதிபட்டுக் கிடந்தது. பின்னேரம் பள்ளிவாசல் ஆட்களும் கோயில் ஆட்களும் கூடிக் கதைத்த பிறகுதான் அடங்கியது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு.

செப்டெம்பர் 22, திங்கள்

ஜவுபர் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேர்ட், அத்தர் வாசம். உம்மா பிளேன்டி ஊற்றிக் கொடுத்தா.

"மகள், ஒங்கட காக்காவ நான் வெளிய எடுக்கன். லோயர் பேசிட்டன். நீங்க மின்ஹாட விசயத்த எங்கயும் எழுதப் போகாதங்க, அவ்வளவுதான்."

"எழுதினா?"

"இடாப்புல இரிக்கிற கையெழுத்து யார்ட எண்டு எனக்கும் தெரியும். டியூட் பார்சல் யார்ட பேருக்கு வந்த எண்டும் தெரியும்." பிறகு சிரித்தார். "எங்க படிச்சா என்ன மகள்? ஊர்ப் புள்ள ஒண்டு டொக்டராகுது. சந்தோசப்படுங்களன்."

கோப்பையில் பாதித் தேநீர் இருந்தது. எடுத்து அவர் முகத்தில் ஊற்றினேன். நல்ல சூடு. கதிரையோடு பின்னால் விழுந்தார். கன்னம் சிவந்து பொங்கியது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, கேத்தலையும் எடுக்கலாமா என்று பார்த்தேன்.

அவர் போன பிறகு உம்மா கதவைச் சாத்தினா. என்ன கையெழுத்து என்று கேட்டா. சொன்னேன். விளக்குமாறு முறியும் வரை அடித்தா. அடித்துக்கொண்டே அழுதா.

"யார் செஞ்சதுக்குடி எண்ட புள்ள உள்ளுக்குக் கிடக்கான்?"

நான் தடுக்கவில்லை.

செப்டெம்பர் 24, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் டீச்சரின் கணவர் குணம் சேர் நின்றார். என் முதுகும் கையும் தடித்திருந்ததைப் பார்த்துவிட்டு வழி விட்டார்.

டீச்சரின் கைக்குள் கம்பி வைத்துப் பெரிய கட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டு விரல் இனி மடங்காதாம்.

"ஏன் அடிச்சவன் எண்டு பொலிஸ் கேட்ட. தெரியா எண்டுதான் சொன்னன்" என்றா. "உன்னைக் காப்பாத்த இல்ல. இடாப்புல சைன் எண்ட. வேலை போனா எண்ட புள்ளையள் என்ன செய்யிற?"

"டீச்சர், நான்..."

"கிட்ட வா."

போனேன். இடது கையால் அறைந்தா. பழக்கமில்லாத கை, முதல் அடி காதில் பட்டது. இரண்டாவது சரியாக விழுந்தது.

"எங்கயும் எழுதிப்போடாத. எழுதினா நானும் நாசம், நீயும் நாசம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டா.

செப்டெம்பர் 27, சனி

யோசித்துப் பார்த்தேன். வெட்கமில்லாமல்தான் யோசித்தேன். பல்கலைக்கழக அனுமதி பார்க்கிற அதிகாரிகளுக்குப் பெயர் இல்லாமல் ஒரு மொட்டைப் பெட்டிசம். "வகுப்பாசிரியர் பொய் வரவு இட்டுள்ளார்." இடாப்பில் ஆசிரியரின் கையொப்பம்தான் இருக்கிறது. மொனிட்டரைப் பற்றி ஒருவரும் தேட மாட்டார்கள். ஜவுபர் வாயைத் திறந்தால் அவரும் மாட்டுவார், ஆகவே திறக்க மாட்டார். மின்ஹா வெளியே போவாள். நாற்பத்தைந்து நாற்பத்து நாலாகும்.

எழுதிவிட்டேன். உறையிலும் போட்டுவிட்டேன்.

செப்டெம்பர் 29, திங்கள்

பெட்டிசம் என் கைப்பைக்குள் இருந்தது. காக்காவை வழக்குக்குக் கொண்டுவருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தபாற்கந்தோருக்குப் போகும் வழியில் நீதிமன்ற வாசலில் நின்றேன்.

சிறை பஸ்ஸின் கம்பி வலைக்குள் அவன் முகம். உதடு கிழிந்திருந்தது, உள்ளே எவனோடோ சண்டையாம். என்னைக் கண்டதும் வலையில் அறைந்து கத்தினான்.

"முஸ்பிறா! அழாதடி! அந்தக் கைய முறிச்சதுக்கு எனக்குக் கவல இல்ல. நீ டொக்டராகு, நான் உள்ளுக்குக் கிடந்தாலும் பறவாயில்ல!"

நின்ற சனமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பஸ் போய்விட்டது. தபாற்கந்தோர்ப் பக்கம் போகாமல் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டிசத்தை அடுப்பில் வைத்தேன். வேறு தாள் எடுத்தேன். என் பெயர், விலாசம், பரீட்சைச் சுட்டெண். "பத்தொன்பதாம் இலக்கத்துக்குரிய வரவை மூன்று வருடமும் என் கையால் இட்டவள் நானே." அதிபர் சொன்னதை, டீச்சர் சைன் வைத்ததை, டியூட் பார்சலை, எல்லாவற்றையும் எழுதினேன். டீச்சரைக் காக்கா ஒரு தரம் அடித்தான். இது நான் அடிக்கிற இரண்டாம் தரம். தெரிந்துகொண்டேதான் தபாலில் போட்டேன்.

செப்டெம்பர் 30, செவ்வாய்

ஏன் போட்டேன்? ஏன்டி போட்டாய்? நாய், நாய், நாய்.

ஒக்டோபர் 16, வியாழன்

விசாரணைக்குக் கொழும்புக்கு அழைத்திருந்தார்கள். உம்மாவும் வந்தா. ஒரு அதிகாரி எங்கள் வகுப்பு இடாப்பை மேசையில் வைத்திருந்தார். கையெழுத்தை ஒப்பிட வேண்டுமாம், ஒரு வெள்ளைத் தாளைத் தந்தார். மின்ஹாவின் பெயரை எழுதி, பக்கத்தில் வரவு அடையாளத்தை முப்பது தரம் போடச் சொன்னார். பழகிய வேலை.

பத்தாவது தரத்துக்குப் பிறகு அவர் போதும் என்றார். நான் முப்பதையும் போட்டு முடித்தேன்.

வெளியே வரும்போது உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. அவவின் கையில் நான் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

டீச்சரையும் அதிபரையும் வேலையிலிருந்து இடைநிறுத்திவிட்டார்கள். காலையில் எழும்பிப் பார்த்தால் எங்கள் வாசல் படலையில் ஒரு செருப்பு மாலை தொங்கியது. யார் போட்டதோ. உம்மா கழற்றிக் குப்பையில் போட்டா. யாரையும் ஏசவில்லை.

டிசெம்பர் 11, வியாழன்

கடிதம் வந்தது. ஜவுபர் மின்ஹாவின் தெரிவு இரத்து. பொய் ஆவணத்துக்குத் துணைபோனதால் என் விண்ணப்பமும் நிராகரிப்பு. இரண்டு வருடத்துக்குப் பரீட்சைக்கும் தோற்ற முடியாது.

வெற்றிடம் நாற்பத்தாறுக்குப் போயிருக்கிறது. அழகரெத்தினம் பவிதரன், நாவிதன்வெளி. உம்மா விசாரித்துவிட்டு வந்தா. வயல் செய்கிற குடும்பமாம். அவனுடைய பள்ளியில் உயிரியலுக்கு ஆசிரியர் இல்லாமல் பன்னிரண்டு கட்டை தூரம் சைக்கிள் மிதித்து வேறு பள்ளிக்குப் போய்ப் படித்தானாம்.

அவனையும் கொல்ல வேண்டும் போல் இருந்தது. உண்மையைத்தானே எழுத வேண்டும்? கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தது. கோப்பை எதையும் உடைக்கவில்லை. உடைக்கப் பாத்திரமும் வீட்டில் அவ்வளவு மிச்சமில்லை.

டிசெம்பர் 14, ஞாயிறு

மட்டக்களப்புச் சிறைக்கு உம்மா சோற்றுப் பார்சல் கட்டித் தந்தா. மழை. காக்கா மெலிந்துவிட்டான், தாடி வளர்த்திருக்கிறான்.

"எப்படி டொக்டர்?" என்றான்.

கடிதத்தில் வந்ததைச் சொன்னேன், இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன். கம்பிக்கு இந்தப் பக்கம் என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "இந்தக் கைதான் காக்கா. டீச்சர்ட இல்ல."

அவன் கம்பியை உடைப்பான் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா இதத்தான் முறிச்சிருப்பன்."

"ஓம்."

பிறகு குரல் இறங்கிப்போய்க் கேட்டான், "டீச்சருக்கு விரல் மடங்குதா?"

"ரெண்டு விரல் மடங்கல்ல."

"அப்ப அந்த இடம் யாருக்குக் கிடைச்ச?"

"நாவிதன்வெளிப் பொடியன் ஒருத்தனுக்கு."

"அவனாவது பள்ளிக்குப் போனவனா?"

"ஓம் காக்கா. ஒவ்வொரு நாளும் போனவன்."

நேரம் முடிந்தது என்று காவலர் சத்தம் போட்டார். சோற்றுப் பார்சலை உள்ளே கொடுத்துவிட்டு வந்து கல்முனை பஸ்ஸில் ஏறினேன்.