கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கைதி

இன்று லண்டனில், டூட்டிங் நூலகத்தில் ஒரு படப்புத்தகத்தைத் திறந்தேன். நாம் மியூசியத்தில் பார்த்த அந்தப் பெரு நாட்டு மண்குடுவை அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து உமக்கு இதை எழுதுகிறேன். வழக்கம்போல முதலில், சொல்லப்போகும் ஒழுங்கு:

1. அந்தக் குடுவை.
2. நான் மொழிபெயர்த்த உமது அகதி வாக்குமூலம்.
3. உமது மானத்தைக் காக்கவே அதில் ஒன்றை விட்டேன் என்பது.

அந்த மாரிக் குளிரில் உமது அறை ஹீற்றர் பழுது. "வாங்கோ அண்ணை, மியூசியத்திலை சூடு இனாம்" என்று இழுத்துப் போனீர். கண்ணாடிப் பெட்டிக்குள், மனித உருவில் வனைந்த குடுவை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. சம்மணமிட்ட கைதி. உடம்பில் துணியில்லை, கழுத்தில் கயிறு, கைகள் முதுகுக்குப் பின்னால்.

"எங்கட ஆளை இவங்கள் எப்ப பிடிச்சவங்கள்?" என்று சிரித்தீர். பிறகு அங்கேயே தரையில் சம்மணமிட்டு, கைகளைப் பின்னால் சேர்த்துக் காட்டினீர்.

"இப்பிடித்தான் அண்ணை. ரெண்டு நாள், ஆமி முகாம் முற்றத்திலை. உடுப்பு ஒண்டும் இல்லை."

"எழும்பும், ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். இதையும் எழுதுங்கோ."

"ஓம், ஓம்" என்றேன்.

எழுதவில்லை. பத்திகளுக்கு எண் போட்டேன். ஊர்ப்பெயர்களை மும்முறை சரிபார்த்தேன். அந்த இரண்டு நாளுக்கு, தடுத்து வைத்து விசாரித்தனர் என்று ஒரே வரி. ஆங்கிலம் தெரியாத நீர் என்னை நம்பிக் கையெழுத்திட்டீர்.

அகதி விண்ணப்பத்துக்கு வந்த மறுப்புக் கடிதத்தையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். துன்புறுத்தப்பட்டதாக நீர் எங்கும் கூறவில்லை என்று அதில் இருந்தது. அந்த வரியைத் தாண்டிப் போனேன்.

"என்ன காரணமாம் அண்ணை?"

"எல்லாருக்கும் எழுதுற காரணந்தான்."

உம்மைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கிய ஆறாம் மாதம் மறுபடி பிடிபட்டீர். உடலைத்தான் கொடுத்தார்கள் என்று உமது அக்கா எழுதினார்.

விட்ட அந்த வசனத்தை இப்போது தினமும் மனதுக்குள் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். இலகுவாகவே வருகிறது.

மூன்றாவதாக மேலே எழுதியது பிழை. நீர் எழுதச் சொன்னீர்; பலர் பார்க்கத் தரையில் அமர்ந்து காட்டினீர். அதைத் தட்டெழுதி, உமது வெள்ளைக்கார வழக்கறிஞர் வாசிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கக் கூசியவன் நான். நான் காத்தது உமது மானத்தை அல்ல.