சோப்பு உறையில் இருந்த விலாசம்

மார்ச் 3

என் நெட்டைக்கு,

வாயாடி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய ஆர்டர் கடிதங்கள் கட்டாக வந்து சேர்ந்தன.

சோப்புப் பட்டறையைச் சுத்தம் செய்யும்போது, உன் அம்மாவுக்குத் தெரியாமல் நீ எடுத்துக் கொடுத்த அலுமினியச் சட்டி கிடைத்தது. அதில் காய்ச்சிய முதல் சோப்பு கூழாகவே நின்றதும், அதைத் தேய்த்து உன் கை சிவந்ததும் ஞாபகம் இருக்கிறதா? சட்டியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

"உங்க தெருவுல செஞ்சத யாரு உடம்புல தேய்ப்பாங்க?" என்று கடைக்காரர் சோப்பைத் திருப்பிக் கொடுத்த அன்று, "என் வீட்டு விலாசத்தப் போடுடி" என்றாய். அந்த விலாசம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் அடுத்த உறையில் என் தெருவைப் போடப்போகிறேன். "நம்ம தெரு பேரு எங்கக்கா?" என்று வேலைக்கு வரும் பெண்ணொருத்தி கேட்டாள்.

உன் வாயாடி

மார்ச் 12

அன்புள்ள வாயாடிக்கு,

உனக்கென்ன புத்தி கெட்டுவிட்டதா? எழுத்துத் தெரியாத என் மாமியார், உறையில் எங்கள் தெருப் பேர் என்று நான் சொன்னதை வைத்து, "யாரோ நல்ல குடும்பத்துப் பொண்ணு செஞ்சிருக்கா" என்று உன் சோப்பைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. முன்பு கடிதம் வாங்க வந்த உன்னைக் கொல்லைப்புறமே நிறுத்தியவரும் இவர்தான். இப்படி எத்தனை பேரை இழக்கப்போகிறாய்?

இன்னொன்று. தபால்காரர் என் வாசலில் நிற்பதே உன்னால்தான். அதுவும் போனால் எனக்கு என்ன இருக்கிறது?

நெட்டை

ஏப்ரல் 2

நெட்டைக்கு,

புது உறை வந்துவிட்டது. முதல் கட்டி உனக்கு. சில கடைகள் சரக்கைத் திருப்பிவிட்டன. பட்டறைப் பெண்களை வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பும்படி ஆகிவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. கோபமாக இருந்தாலும் எழுது.

வாயாடி

மே 20

வாயாடிக்கு,

எழுதாமல் இருந்தது கோபத்தில் இல்லை, வெட்கத்தில்.

உறையை மாமியாருக்கு நானே படித்துக் காட்டினேன். "இது அவ தெருவாச்சே" என்றார். "அவளேதான் அத்தை. நம்ம கொல்லையில நிப்பாளே, அவதான் இத்தன நாளும் செஞ்சது" என்றேன். சோப்பை ஜன்னலில் வைத்துவிட்டு வேறு வாங்கி வரச் சொன்னார். அது ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டிருந்தார். நேற்றுக் குளியலறையிலிருந்து பழைய வாசனை வந்தது. ஜன்னலைப் பார்த்தேன், உன் சோப்பு அங்கே இல்லை.

வாரா வாரம் உன் விலாசத்தை எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து உன் தெருமுனையைத் தாண்டி ஒருமுறைகூட வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எந்த வாசல் வழியாக வரவேண்டும் என்று எழுது.

நெட்டை

மே 24

என் நெட்டைக்கு,

திருப்பிய கடைகளில் ஒன்று மட்டும் மறுபடி சரக்குக் கேட்டிருக்கிறது. மற்றவை இன்னும் இல்லை. சமாளிப்போம்.

எங்கள் வீட்டுக்கு இருப்பதே ஒரு வாசல்தான். நிலை தாழ்வு. நீ கொஞ்சம் குனிந்து வரவேண்டும்.

உன் வாயாடி